துணை நடிகர் விருது யாருக்கு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் நன்றாக இருந்தது சார். நான் நின்றுகொண்டே பேசலாமா? விருது விழா முடிந்ததிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டிலும் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டேதான் இருக்கிறேன். டைல்ஸ் தேய்ந்துவிடும் என்கிறாள் என் மனைவி லோகநாயகி. குப்புராஜ் லாரியில் அடிபட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நாலு வரி எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். இன்ஸ்பெக்டர் சார், கொஞ்சம் கூடுதலாகவே ஆகும்.

என் பெயர் ஸ்ரீநிவாசராகவன். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இரும்புலியூரில் எங்கள் காலனியில் வந்து அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘அவார்டு சார் வீடு’ என்று கேட்டால் காய்கறி வண்டிக்காரர்கூட வாசல்வரை கொண்டுவந்து விடுவார். வருஷா வருஷம் வெண்சங்கு திரைப்பட விருதுகள் யார் யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. வேலை என்றால் யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனால் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். முதலில் காலனி சங்கத்து ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு யூடியூபில் ஒரு சேனல். பெரிய கூட்டமில்லை, ஆனால் என் சொல்லுக்காகக் காத்திருக்கிற கூட்டம்.

இது ஜோசியம் இல்லை சார். தேர்வுக்குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, போன வருஷம் யாரை ஏமாற்றினார்கள், இந்த வருஷம் யாரைச் சமாதானப்படுத்தியாக வேண்டும், இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்தால் போதும். இரண்டு விஷயங்களை நான் அனுபவத்தில் கண்டுபிடித்தேன். ஒன்று, விழாவுக்கு வருகிறவருக்குத்தான் விருது. மேடையில் நாற்காலி காலியாக இருந்தால் டிவிக்காரர்களுக்குப் பிடிக்காது. அதனால் ஜெயித்தவருக்கு மட்டும் முன்னாடியே ரகசியமாக ஒரு போன் போகும், ‘கண்டிப்பாக வந்துவிடுவீர்களா’ என்று. போன் வராதவர்கள் கைதட்ட வருகிறவர்கள். இன்னொன்று, பரிந்துரையில் இருக்கிற ஒருவர் செத்துப்போனால் தேர்வுக்குழுவின் மனசு இளகிவிடும். விழா நெருங்கிய பிறகும் பெயரை மாற்றுவார்கள். செத்தவர் தோற்று நான் பார்த்ததில்லை.

குப்புராஜ் எங்களுக்குப் பக்கத்து முடிச்சூர்க்காரர். பரம்பரையாக நெல் விளைந்த நிலம், பிளாட் போட்டு விற்றது போக மிச்சம் ஒரு துண்டு இருந்தது. வெள்ளத்தைப் பற்றிய ஒரு படத்துக்கு அந்தத் துண்டை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். வந்த டைரக்டர் நிலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் தன் மாட்டைத் தேடுகிற கிழவனாக நடிக்க வைத்துவிட்டார். படம் முழுக்க மொத்தமே கால் மணி நேரம்தான் வருவார். படம் முடிந்ததும் அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தேன், உண்மையாகச் சொல்கிறேன்.

சிறந்த துணை நடிகர் பரிந்துரையில் அவர் பெயர் வந்ததும் பேட்டி எடுக்கப் போனேன்.

“இன்னா சார் நடிப்பு? தண்ணில நட, மாட்ட கூப்டுன்னாங்கோ. வெள்ளத்துல மெய்யாலுமே எம்மாடு பூட்ச்சி. அத்த நெனச்சிகினு கூப்ட்டேன். அழுவ வந்துச்சி. கட்டுன்னுட்டாங்கோ,” என்றார்.

அன்றே சேனலில் அறிவித்தேன், துணை நடிகர் விருது குப்புராஜுக்கு என்று. என்னைப் போலவே கணிப்பு சொல்கிற ஸ்டெபின் என்று ஒரு இளைஞர் இருக்கிறார், சேலையூர்ப் பக்கம். அவர் வேறொரு பெரிய நடிகரைச் சொன்னார். “அவார்டு சாருக்கு வயசாயிடுச்சு, முடிச்சூர் பாசம் கண்ணை மறைக்குது,” என்று சிரித்துக்கொண்டே ஒரு வீடியோவும் போட்டார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. குப்புராஜ் ஜெயிக்காவிட்டால் சேனலையே மூடிவிடுகிறேன் என்று நேரலையில் சொல்லிவிட்டேன். வாயை அடக்கியிருக்கலாம் என்று லோகநாயகி இன்றைக்கும் சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் சேனலை மூடிவிட்டால் நான் யார்? மறுபடியும் ஓய்வுபெற்ற ஸ்ரீநிவாசராகவன். அது உங்களுக்குப் புரிய ஓய்வு பெற வேண்டும் சார்.

அதற்குப் பிறகு நாங்கள் நண்பர்களாகிவிட்டோம். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவார். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் போய் டீ குடிப்போம். அவருக்கு வலது கண் தெரியாது. கருவேல முள் குத்தியது, சின்ன வயதில். நம் ஊரில் சாலையில் இறங்கினால் முதலில் வண்டி வருவது வலது பக்கத்திலிருந்துதானே. அதனால் நான் எப்போதும் அவருக்கு வலது பக்கம் நின்று, பார்த்து, “வாங்க” என்பேன். அவர் தலையைத் திருப்பக்கூட மாட்டார், நடந்துவிடுவார். தன் மகள் ஓவியாவைக்கூட அவர் அப்படி நம்பியதில்லை. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பார்க்கும்போதெல்லாம் கேட்பேன், போன் வந்ததா என்று. “இல்ல சார், வர்ல,” என்பார். வேறு பக்கம் பார்ப்பார். வெட்கப்படுகிறார், பாவம் என்று நினைத்துக்கொள்வேன். விழா நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. போன் வராதவருக்கு விருது இல்லை. நான் கண்டுபிடித்த விதியே என் கழுத்தைப் பிடித்தது. பால் வாங்கப் போனால் பாக்கியை மறந்து வந்தேன். கல்லூரி நாட்களில்கூட நான் இப்படி அலைந்ததில்லை. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டாவது விதி ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வந்ததும் கை தானாக அமைதியாகிவிட்டது.

என்னை அவசரப்பட்டு எடைபோடாதீர்கள். நான் எல்லாக் கோணத்திலும் யோசித்தேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மனைவி இல்லை. மகளுக்கு வேலை இருக்கிறது. விருது கிடைக்காவிட்டால் அவரை ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கிடைத்தால் அவர் பெயர் நிற்கும். அவரிடம் இல்லாத ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுக்க என்னால் முடியும் என்றால், செய்யாமலிருப்பதுதான் சுயநலம் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அன்று சாயங்காலம் அவர் தையல் கடைக்குப் போக வேண்டும் என்றார். கோட்டு தைக்கக் கொடுத்திருந்தாராம். “கோட்டு எதுக்கு?” என்று கேட்டேன். “சும்மாதான் சார், ஆசைக்கு,” என்று சிரித்தார். கைதட்ட மட்டும் போகப்போகிற விழாவுக்குக் கோட்டு தைக்கிறாரே என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஆசைப்படுகிற மனுஷன் எதை வேண்டுமானாலும் தைத்துக்கொள்வான், அதையெல்லாம் நான் தடயமாக எடுத்துக்கொள்வதில்லை. சாலையின் ஓரத்தில் நான் அவருக்கு இடது பக்கம் நின்றேன். அவ்வளவுதான் சார் செய்தது. அவர் ஒரு நொடி என்னைத் தேடி வலது பக்கம் திரும்பப் பார்த்தார். தண்ணீர் லாரி வருவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. “வாங்க,” என்றேன். அவர் நடந்தார். நான் நடக்கவில்லை.

லாரி ஓட்டிய உமேஷ் மேல் தப்பில்லை. நிதானமாகத்தான் வந்தார். பிரேக்கும் போட்டார். அவரை நீங்கள் விட்டுவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் நான் அழுதேன், அது நடிப்பில்லை. குப்புராஜை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

விழாவை எங்கள் காலனியில் பெரிய திரை கட்டிப் பார்த்தார்கள். துணை நடிகர் விருது குப்புராஜுக்கு என்று சொன்னதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஓவியா மேடையேறி வாங்கிக்கொண்டாள். எனக்கு அன்று கிடைத்த நிம்மதி மறுநாள் காலைவரைக்கும்தான் இருந்தது. காலையில் ஸ்டெபின் வீடியோ போட்டிருந்தார். “அவார்டு சார் கணிப்பு ஜெயிக்கல, லாரி ஜெயிச்சுது. இது அனுதாப விருது,” என்று. கீழே அத்தனை பேரும் அதையே எழுதியிருந்தார்கள். அனுதாபம், அனுதாபம். பதில் வீடியோ எடுக்க உட்கார்ந்தவன் கேமராவை அணைத்துவிட்டேன். ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆரம்பித்ததுதான் சார் இந்த நடை.

போன வாரம் ஓவியா வீட்டுக்கு வந்தாள், விருதை எனக்குக் காட்ட. கையில் விழாவுக்கான ஒரு அனுமதி அட்டையும் இருந்தது, அதில் என் பெயர்.

“அப்பாவுக்கு அப்பவே போன் வந்துடுச்சி அங்கிள். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. வெளிய தெரிஞ்சா விருத மாத்திடுவோம்னு சொன்னாங்களாம். உங்ககிட்ட பொய் சொல்றோமேன்னு ரொம்பத் தவிச்சாரு. கூட ஒருத்தர் வரலாம்னாங்க. எம்பேர சொல்லல அங்கிள். உங்க பேரத்தான் சொன்னாரு. சாரு இல்லன்னா என்னை யாருக்குத் தெரியும்னாரு,” என்றாள். அழுதாள்.

நான் அவளை உட்காரச் சொன்னேன். லோகநாயகி தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போது என் மனசில் முதலில் என்ன வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சந்தோஷம் சார். அவர் உயிரோடு இருக்கும்போதே தேர்வுக்குழு முடிவு செய்துவிட்டது. அனுதாபமும் இல்லை, லாரியும் இல்லை. நான் முதல் நாள் சொன்னது அப்படியே சரி. அந்த ஒரு போனைப் பற்றி அவர் என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம். நண்பனிடம் மறைக்கலாமா? அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதைக் கேமரா முன்னால் ஒரு தடவை சொல்லம்மா என்று ஓவியாவிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். விருதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. விழா நடத்துகிறவர்களைக் கேட்டேன். உறையை மேடையில்தான் பிரிக்கிறோம், யாருக்கும் முன்னாடி போன் செய்வதில்லை என்று சாதித்துவிட்டார்கள். ஸ்டெபின் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பேனாவை ஏன் சார் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுதுங்கள். விபத்து என்றால் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. கொலை வழக்கு என்றால் குப்புராஜின் போனுக்கு யார் எப்போது பேசினார்கள் என்று நீங்கள் வாங்கிப் பார்த்துத்தான் ஆக வேண்டும். விழாக்காரர்களும் கூண்டில் ஏறி ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். பேப்பரில் வரும், எல்லோரும் படிப்பார்கள். இடது பக்கம் நின்றதும் நான்தான், வாங்க என்று கூப்பிட்டதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் போன் வந்த தேதியை மட்டும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள் சார்.