சீனாக்காரன் யுத்தப் புத்தகமும் ஒரு லீவும்

எழுபதுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம், சவூதியில் யான்பு சைட்டிலிருந்து கேம்புக்குத் திரும்பும் பஸ். என் முன்சீட்டில் திருநெல்வேலிக்கார வெல்டர்கள் இரண்டு பேர்.

“சீனாக்காரன் பேச்சைக் கேட்டு என் லீவு போச்சு, அண்ணாச்சி,” என்றான் இளையவன்.

“எந்தச் சீனாக்காரம்லே?”

“ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி யுத்தத்தப் பத்திப் புத்தகம் எழுதினவன். நேரா மோதாத, சுத்தி வளைச்சுப் போங்கான். நானும் ஃபோர்மேன்ட்ட நேரா லீவு கேக்காம, கேம்ப் சமையல்காரரைத் தூது விட்டேன். நான் எம்பிள்ள முகத்த இன்னும் பாக்கலன்னு சொல்லச் சொன்னேன்.”

“சொன்னாரா?”

“சொல்லும்போதே அவருக்கு அவரு பிள்ள ஞாபகம் வந்து அழுதுட்டாரு. ஃபோர்மேன் மனசு எளகி, சமையல்காரருக்கே லீவு குடுத்துட்டான்.”

“அப்ப சோறு யாருலே பொங்குவா?”

“நான்தான், அண்ணாச்சி. நாளையிலேருந்து நாப்பது பேருக்கு.”