கொள்ளிடத்துக்கு ஒரு டேட்டாபேஸ்

ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் எனக்குப் பிடிக்காது. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலும் அப்படித்தான், தில்லைநகரில் அலுவலகத்திலும் அப்படித்தான். எழுந்துபோய் அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் குணத்தால்தான் சார். வேறு நோக்கம் இல்லை.

வேலை சின்னது. மேலணையில் கொள்ளிடம் பக்கம் மதகைத் திறக்கும்போது அங்கிருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். ஆற்று மணலில் மாடு மேய்ப்பவர்கள், துணி வெளுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஃபோன் அடிக்கும். அவர்களுடைய எண்கள் டேட்டாபேஸில் இருக்கும். எங்கள் நிறுவனத்தில் அதற்கு நான் பொறுப்பு.

சொந்தமாகக் கணினி வைக்காமல் வாடகைக்கு எடுக்கும் சர்வர்லெஸ் வகையில் இரண்டு பார்த்தேன். ஒன்று எப்போதும் விழித்திருக்கும். இன்னொன்று யாரும் கேட்காவிட்டால் தூங்கிவிடும்; கேட்டால் எழும். எழுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். இரண்டாவதை எடுத்தேன். உடன் வேலை செய்யும் ரஞ்சனிக்கு அதில் சம்மதமில்லை.

“மொத தடவ கேக்கும்போது பதில் வராது சார். அது முழிச்சுக்கிறதுக்குள்ள நம்ம புரோகிராம் காத்திருக்காம விட்டுடும்.”

“மறுபடி கேக்குமே.”

“கால் மணி கழிச்சுத்தானே? நீங்கதானே அப்படி வெச்சீங்க.”

“ஆத்துல எத்தனை நாள் தண்ணி வர்றது? அதுக்கு இது ஏன்மா வருஷம் பூரா முழிச்சிண்டிருக்கணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சனி சிரிக்கவில்லை. அதை அடிக்கடி தட்டி எழுப்ப ஒரு சின்ன புரோகிராம் எழுதி, என்னிடம் சொல்லாமல் சேர்த்திருந்தாள். பிறகு கண்ணில் பட்டது. எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லையே.

சோதனைக்கு வீரமலை உதவினார். மேலணைக்குச் சற்றுக் கீழே, நடு ஆற்றுத் திட்டில் எருமை மேய்ப்பவர். அன்று காலையிலிருந்து நாங்கள் வேலை செய்துகொண்டிருந்ததால் டேட்டாபேஸ் விழித்தே இருந்தது. ஃபோன் உடனே அடித்தது.

“எம்பொண்டாட்டிகூட இவ்வளவு சத்தமா கூப்புட்டதில்லீங்க” என்றார். பிறகு கேட்டார்: “இது அடிக்கலைன்னா தண்ணி வரலைன்னு நெனச்சுக்கலாங்களா?”

“தாராளமா.”

அதுவரை அவர் பகலெல்லாம் மேற்கே பார்த்தபடியே இருப்பாராம். இனிக் கொஞ்சம் கண்ணயரலாம் என்றார். எனக்கு நிறைவாக இருந்தது.

ஆடியில் ஒரு மதியம் மதகு திறந்தது. பொத்தானைச் சரியாக அழுத்தினார்கள். என் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: டேட்டாபேஸ் பதில் தரவில்லை. நான் கையால் மறுபடி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அது பதிவாகும். ரஞ்சனி பார்ப்பாள். தானாக எழட்டும் என்று இருந்தேன்.

எழுந்தது. கால் மணியில் எல்லோருக்கும் அழைப்பு போனது. ஒரு எண்கூட விடுபடவில்லை. கரையோரம் இருந்தவர்கள் அதற்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டு ஏறியிருந்தார்கள். எருமைகள் நீந்திக் கரை சேர்ந்தன. வீரமலையின் ஃபோன் மட்டும் அணைந்திருந்தது. உடல் இரண்டு நாள் கழித்துக் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

அந்தக் கால் மணி நேரம் என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் என் கையில் என்ன இருந்தது?

கைப்பேசி இருந்தது, உண்மை. அதில் வீரமலையின் எண்ணும் இருந்தது. பெயரைக்கூடத் தேடி எடுத்துவைத்தேன். ஆனால் நான் கூப்பிட்டு அவர் கரையேறியிருந்தால், நான் தேர்ந்தெடுத்தது சரிதானா என்று யாருக்குமே தெரியாமல் போயிருக்கும் சார்.