கேமராவைப் பார்க்கவில்லை

— இன்னும் இருபத்தாறு மணி நேரம்தான் ஸ்ரீ. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வெள்ளிக்காரன் வண்டி எடுத்துக்கினு வந்துடுவான். நீ இன்னாடான்னா இன்னும் அந்தக் கம்ப்யூட்டரைத் தடவிக்கினு கீறே.

— தடவலை மஹி. ஒரு நிமிஷம். வெள்ளிக்காரன்னா யாரு?

— பழைய நெகடிவ்லாம் கிலோ கணக்குல வாங்கினு போற ஆளுடி. ஆசிட்ல போட்டு அதுல கீற வெள்ளியை எடுத்துடுவான்.

— அப்போ படம்?

— கரைஞ்சு போவும். இன்னா பண்றது? கட்டடத்தை இடிக்கப் போறாங்க. கச்சேரி ரோட்டுல இவ்ளோ பெரிய ஸ்டூடியோ வெக்க இனிமே அப்பாவுக்கு யாரு எடம் குடுப்பா? புது ரூம்ல ஒரே ஒரு பீரோ நிக்கும். நல்ல நெகடிவ் பீரோவுக்கு, கெட்டுப்போனது சாக்குக்கு. அதைப் பிரிக்கத்தானே உன் புரோகிராமு?

— பிரிச்சுடும். எதெல்லாம் கெட்டுப்போனதுன்னு உங்கப்பா சொன்னார்?

— கண்ணை மூடுனது, ஆடுனது, தலை வெட்டுப்பட்டது, கேமராவைப் பாக்காதது. இந்தக் கடைசியை மட்டும் ரெண்டு தபா சொன்னாரு. 'அதை மொதல்ல கட்டு'ன்னாரு. ஆறு மாசமா சின்ன சைஸ்ல ஸ்கேன் பண்ணி, வருஷம், பேரு, ஆளு எப்படி, இன்னா குறைன்னு தட்டித் தட்டி சத்தியமா என் வெரலு தேஞ்சு போச்சு. உன் புரோகிராமு போன வாரம் வரைக்கும் இன்னா பண்ணுச்சு? பேரைக் கேட்டா ஒரு நம்பரைத் துப்பும். காமாக்ஷின்னு அடிச்சா, காமாட்சியை யாருன்னே தெரியாதுன்னு சாதிக்கும்.

— அதைச் சரி பண்ணிட்டேன். எப்படி எழுதினாலும் ரெண்டு பேரும் வருவா. நாலு கேள்வியைச் சேர்த்தும் கேக்கலாம். நம்பர் வராது, படமே வரும். சின்னச் சின்னதா, வருஷ வரிசையில.

— படமேவா? இந்த டப்பாலயா? ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுடி இது.

— மெதுவா வரும். ஆனா வரும். ஏதாவது கேளேன்.

— மாப்பிள்ளை. மூக்குக் கண்ணாடி. எழுபதுக்கு அப்புறம். ஆங், மீசை இல்லாதவரு.

— இதோ.

— ஐயோ, பதினாறு பேரு! எல்லாம் உங்க மாட வீதி ஆளுங்கடி. இத்தைப் பாரு, பரீட்சை எழுத வந்தா மாதிரி முழிக்கிறாரு. ஸ்ரீ, சும்மா சொல்லக்கூடாது, மேஜிக் மாதிரி கீது. நீதான் பண்ணியா, உங்கண்ணன் பண்ணிக் குடுத்தாரா?

— நான்தான்.

— அதைச் சத்தமா சொன்னா இன்னா? வாய்க்குள்ளயே சொல்லிக்கினு கீறே.

— உங்கம்மா பேர் என்ன மஹி? அவா படத்தைத் தேடலாமே.

— ஜைதூன் பீ. தேடாதே, வராது.

— எப்படி எழுதியிருந்தாலும் வரும்னேனே.

— படமே இல்லைடி. ஸ்டூடியோக்காரர் பொண்டாட்டிக்கு ஒரு போட்டோ கூட இல்லை. படம் புடிச்சுக்கவே மாட்டாங்களாம். அப்பா அவங்களைப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு. நானும் கேக்க மாட்டேன்.

— ஏன்?

— நான் பொறந்த அன்னைக்குத்தான் அம்மி போனாங்க. என்னாலதான். பெரிய ஃபுப்பு, அதான் அப்பாவோட அக்கா, நான் அடம் புடிக்கிறப்போலாம் அதைச் சொல்லித்தான் அடக்குவாங்க. என் பர்த்டே வந்தா அப்பா கடையைச் சாத்திட்டு பீச்சுல தனியா போய்க் குந்திக்குவாரு. அவராண்ட போய் நான் இன்னான்னு கேக்குறது?

— மூணு வருஷம் ஒரே பெஞ்சுல உக்காந்தோம். சொல்லவே இல்லையே நீ.

— சொன்னா நீ இப்படி மூஞ்சியை வெச்சுக்குவே, அதான். வேலையைப் பாரு. 'கேமராவைப் பார்க்கவில்லை', அதைத் தட்டு. நான் சாக்கைப் புடிச்சுக்குறேன்.

— தட்டிட்டேன். வந்துண்டிருக்கு.

— எவ்ளோ?

— முன்னூத்திப் பன்னண்டு.

— அவ்ளோவா! சரி, பொட்டி நம்பரைப் படி. எடுத்து எடுத்துப் போட்டுக்கினே வரேன்.

— ஒரு நிமிஷம் மஹி. எல்லாம் குழந்தைகள்.

— கொயந்தைங்கதான் சொன்ன பேச்சு கேக்காது. இதுல இன்னா அதிசயம்?

— எல்லாம் சிரிக்கறது, பாரேன். எங்காத்துல என் தம்பியை போட்டோ எடுக்க அழைச்சிண்டு போனப்போ தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி அழுதான். இதுல ஒண்ணு கூட அழலை.

— அட, ஆமா! இதுக்குப் பல்லே இல்லை, வாய் நெறைய சிரிப்பு. இந்த மொட்டைப் பாப்பா தொடையைத் தட்டிக்கினு சிரிக்குது. ஒண்ணொண்ணா அடிக்கிறப்போ எனக்கு இது தெரியவேயில்லையேடி.

— ஒண்ணொண்ணாப் பார்த்தா தெரியாது. கண்ணைப் பாரு. எங்க பாக்கறதுகள்?

— இந்தாண்ட. நமக்கு வலது பக்கம், கொஞ்சம் மேல. இதுவும் அங்கதான். இதுவும்... ஸ்ரீ! எல்லாம் ஒரே எடத்தைப் பாக்குதுங்க!

— ஆமாம்.

— முடியெல்லாம் நட்டுக்கினு நிக்குதுடி எனக்கு. வேற வேற வருஷம், வேற வேற வூட்டுக் கொயந்தைங்க. ஒண்ணு குல்லா போட்டுக்கினு கீது, ஒண்ணு கழுத்துல தாயத்து, ஒண்ணு கன்னத்துல கறுப்புப் பொட்டு. இந்தக் கொயந்தை ஊரூர் குப்பத்துலருந்து வந்தது, நான்தான் அடிச்சேன். எல்லாம் சொல்லி வெச்சா மாதிரி எப்படி? அங்க ஜன்னல் கூட இல்லையே.

— செகண்ட் இயர் லேப் ஞாபகம் இருக்கா? திசைகாட்டி முள்ளெல்லாம் வடக்கை விட்டு ஒரே பக்கம் சாஞ்சு நின்னுதே?

— மேடம்கூட கருவியே கெட்டுப்போச்சுன்னு பீரோவுல வெச்சுப் பூட்டுனாங்க. என் பையில காந்தம் இருந்துச்சு. அதை இப்போ ஏன் கிளப்புறே?

— முள்ளு கெட்டுப்போகலை மஹி. வெறும் தப்புன்னா ரெண்டு பக்கமும் சிதறும். எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா, அங்க ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

— அப்போ அங்கயும் ஒரு காந்தமா?

— இரு, வருஷத்தையும் சேர்த்துக் கேக்கறேன். பார்த்தியா? எழுபதுலேந்து ஆரம்பிக்கறது. எழுபத்தெட்டு மார்ச்சோட நின்னு போச்சு. அதுக்கப்புறம் வந்த குழந்தைகள் எல்லாம் நேரா கேமராவைப் பாக்கறது. குறையே இல்லை.

— ஆனா ஒண்ணும் சிரிக்கலையேடி. பாதி அழுவுது.

— நீ போய் அந்தப் பெரிய கேமரா பக்கத்துல நில்லேன். இன்னும் தள்ளி. சுவத்தை ஒட்டி. அங்கதான். ஸ்டூல்ல உக்கார்ந்த குழந்தை அந்த இடத்தைத்தான் பாத்திருக்கும்.

— மஹ்விஷ்! அங்க ஏன் நிக்குறே?

— அப்பா, டீ வாங்கினு வந்துட்டீங்களா? பாத்து, கையெல்லாம் கொட்டுது பாருங்க.

— அங்கருந்து வா இந்தாண்ட.

— வரேன், வரேன். ஏன் கத்துறீங்க? மொதல்ல ஸ்ரீ இன்னா கண்டுபுடிச்சிருக்கான்னு வந்து பாருங்க.

— இன்னாத்தைப் பாக்குறது? கெட்டுப்போன படம். கட்டுன்னு சொன்னேன்ல?

— கெட்டுப்போகலை மாமா.

— ஸ்ரீலக்ஷ்மிம்மா, நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, நான் இல்லேங்கலை. நான் முப்பது வருஷமா படம் புடிக்கிறவன். கேமராவைப் பாக்கலைன்னா கெட்டுப்போன படம்தான்.

— நீங்க கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுண்டு இருக்கறச்சே, குழந்தைகள் யாரையோ பாத்துச் சிரிச்சிருக்கு மாமா. அவா எங்க நின்னான்னு எனக்குத் தெரியறது. யாருன்னுதான் தெரியலை. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்கோ.

— அப்பா? ஏன் கீழ குந்திட்டீங்க? தண்ணி வேணுமா?

— ஒண்ணும் வாணாம். அந்தக் கம்ப்யூட்டரை இப்படி என் பக்கம் திருப்பு. எவ்ளோ படம் கீது?

— முன்னூத்திப் பன்னண்டு மாமா.

— சுபானல்லா! இவ்ளோ கொயந்தைங்களா? நான்தானே எல்லாத்தையும் கழுவுனேன். ஒருநாளும் இப்படிப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்ததில்லையேமா. அத்தனையும் அவளையே பாக்குது.

— யாரைப்பா?

— கை நெறைய கண்ணாடி வளையல் போட்டுக்கினு வந்து நிப்பா. ஒரு குலுக்கு குலுக்குனா போதும், அழுவுற கொயந்தை டக்குனு நிறுத்திட்டுத் திரும்பும். அப்புறம் அதுங்ககூட ஏதோ பேசுவா, எனக்குத் துணிக்குள்ள ஒண்ணும் வெளங்காது. சிரிப்பு மட்டும் கேக்கும். நான் புடிச்சுடுவேன். படம் வாங்க வர்றவங்க, 'இன்னா பாய், கேமராவைப் பாக்கலையே'ம்பாங்க. சிரிப்பைப் பாத்துட்டு பேசாம வாங்கினு போயிடுவாங்க. உன்னையும் ஒண்ணு எடுக்குறேன் வான்னா மட்டும் வர மாட்டா. 'எனக்கு இந்தப் பக்கமே போதும்'னுவா. ஜைதூன்.

— அம்மியா?

— உங்கம்மிதான். நாளைக்கு நான் எப்படி இதுங்களைத் தூக்கினு போய் புது எடத்துல வெச்சுப் பாப்பேன்னுதான் சாக்குல கட்டச் சொன்னேன். கட்டாதே பேட்டா. பீரோவுல மொதல்ல இதுங்க போவட்டும். மீதி எடம் கீதான்னு அப்புறம் பாக்கலாம்.

— அது அம்மியா இருக்காதுப்பா.

— இன்னா இருக்காது? நான் பொய் சொல்றனா?

— வருஷத்தைப் பாருங்க. எழுபத்தெட்டு வரைக்கும் போவுதே. நான்தான் தப்பா அடிச்சிருப்பேன்.

— நீ தப்பா அடிக்கலை மஹி. இதோ கவர். மாமா கையெழுத்துதான். மார்ச், எழுபத்தெட்டு.

— அப்போ வேற யாராவது நின்னிருப்பாங்க.

— அவ நின்ன எடத்துல நான் யாரையும் நிக்க வுட்டதில்ல. இன்னைக்குத்தான் நீ போய் நின்னே.

— நான் பொறந்தது எழுபத்தேழு ஏப்ரல்.

— ஆமா. அதுக்கு இன்னா?

— அன்னைக்குத்தானே அம்மி...

— அன்னைக்கு இன்னா? சொல்லு.

— என்னைப் பெத்துப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு பெரிய ஃபுப்பு சொன்னாங்க. பொறந்த அன்னைக்கே. என்னாலதான்னு.

— அரே! இருபத்தோரு வருஷமா இதை நெஞ்சுல வெச்சுக்கினா கீறே? என்னாண்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?

— நீங்க பீச்சுக்குப் போயிடுவீங்களேப்பா.

— மஹி, மாமா, ஒரு நிமிஷம். வரிசையில கடைசிப் படம் இது. கவர்ல தேதி மட்டும் இருக்கு, பேர் போடலை. பெருசு பண்றேன். மேலேந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும்.

— குல்லா. பூப்போட்ட குல்லா. நெத்தி.

— புருவத்தைப் பாரு மஹி.

— நடுவுல வெட்டு. இடது புருவம். ஸ்ரீ, எனக்கும்...

— பாத்துண்டே இரு. இன்னும் வரது.

— சிரிக்குது. அய்யோ, என்னமா சிரிக்குது. ரெண்டு கையையும் நீட்டிக்கினு, தூக்கு தூக்குன்னு யாராண்டயோ கேக்குது. அப்பா, இது யாரு?

— நீதான் பேட்டா. பதினோரு மாசம். அதுக்கப்புறம்தான் காமாலை வந்து அவ போனா, உன் மொதல் பொறந்தநாளன்னைக்கு. இதுல நீ கை நீட்டுறது உங்கம்மியாண்ட.