மின்னாத உறைகளைத் தேடியவர்

ஊராட்சித் தலைவர் ஹோல்கர் அவர்களே, போதகர் அம்மையார் அவர்களே, தீயணைப்பு வீரர்களே, கணவரை இழந்து அமர்ந்திருக்கும் அல்முட் அவர்களே, மண்டபத்தில் இடமில்லாமல் வாசலிலும் நிற்கும் வெல்ஸ்டோர்ஃப் ஊர் மக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வெடிபொருள் அகற்றும் பணியின் தலைமை நிபுணர் ஓர்ட்வின் லூடெக்கே இறந்துவிட்டார். நேற்று முழுவதும் இதைச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழவில்லை. அவரோடு அந்தப் பைன் காட்டில் மண்ணைக் கிளறியே நரைத்தவன் நான். எனக்கே இப்படியென்றால், அல்முட் அம்மாவுக்கு எப்படி இருக்கும்!

நம் ஊரில் குடை வைக்கப் பீரங்கிக் குண்டின் பித்தளை உறை இல்லாத வீடு உண்டா? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் காட்டில் பொன்னாய் மின்னியதையெல்லாம் நம் முன்னோர் பொறுக்கி வந்தார்கள். காடு சுத்தமாகிவிட்டது என்று நம்பினோம். ஓர்ட்வினை எத்தனை பேர் கேலி செய்தோம்!

"ஏன்யா ஓர்ட்வின், பித்தளையெல்லாம் எங்க தாத்தாவே பொறுக்கிட்டாரு. நீ இன்னும் என்னத்தத் தேடுற? சம்பளத்தையா?"

அவர் கோபப்படமாட்டார். "மின்னுனதப் பொறுக்கிட்டீங்கடா. மின்னாதது அப்படியே கெடக்கு" என்பார்.

உண்மை அதுதானே? போரின் கடைசியில் பித்தளைக்கு எங்கே போவது? பீரங்கி உறைகளை எஃகில் செய்தார்கள். மேலே பச்சையாகவோ பழுப்பாகவோ அரக்கு பூசினார்கள். இன்று அரக்கு உரிந்து, எஃகு துருவேறி, பாசி படிந்து கிடக்கிறது. பைன் வேர் எது, உறை எது? ஓர்ட்வினுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது!

சென்ற வாரம் சீக்ருன் அம்மா காளான் பறிக்க, நாங்கள் காட்டைச் சுற்றிக் கட்டியிருந்த எச்சரிக்கை நாடாவைத் தாண்டிப் போனார். வேர் என்று நினைத்து ஒன்றைப் பிடித்து இழுக்கப் போனார். அது வேரல்ல, தலையில் குண்டோடு கிடந்த எஃகு உறை.

"அம்மா, தொடாதீங்க! அசையாம நில்லுங்க, நான் வர்றேன்!"

ஓர்ட்வின் போனார். கையைப் பிடித்து, தன் காலடித் தடத்திலேயே நடத்திக் கூட்டி வந்து நாடாவுக்கு வெளியே விட்டார். வேறு யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று, அடையாளக் கழி நடத் திரும்பிப் போனார். அப்போதுதான் வெடித்தது.

ஓர்ட்வின்! அந்த ஒரு கழியை என்னிடம் கொடுத்திருக்கக் கூடாதா?

தலைவர் அவர்களே, காட்டைத் திறக்கச் சொல்லி இனி யாரும் மனுக் கொடுக்க வேண்டாம். நாளைக் காலை, அவர் விட்ட இடத்தில் நாங்கள் மண்டியிடுவோம். கடைசிச் சாண் மண்ணையும் பார்க்காமல் அந்த நாடா அவிழாது. இது அவர் மேல் ஆணை!

இன்னும் ஒன்று. உள்ளே வரும்போது வாசலில் அல்முட் என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"சீக்ருன் கடைசி வரிசையில தலைய குனிஞ்சு உக்காந்திருக்கா. யாரும் அவகிட்டப் பேசல. அவரு உசுரக் குடுத்து வெளிய கொண்டாந்த பொண்ணு, தம்பி, அவ. எம்பக்கத்துல கொண்டாந்து உக்கார வை."

சீக்ருன் அம்மா, எழுந்து வாருங்கள். மக்களே, வழி விடுங்கள்.