நாற்பத்தோராம் விண்ணப்பம்

விண்ணப்பங்களை நான் காலையில், குளித்த பிறகுதான் படிப்பேன். சாப்பிட்ட கையோடு காகிதத்தைத் தொடுவது எனக்குப் பிடிக்காது. இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஏட்டு திம்மப்பன் என் வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் வாயில் பாக்கு இருந்தது, தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு துளி விழுந்தது. அதனால்தான் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் மாடசாமி. வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகத் தரப் பரிசோதகன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னொருவர் தலைமுடி ஒட்டிக் கிடக்கும் குளியலறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் வண்ணத்தில் ஓவியம் வரைவேன். ஏரி, மலை, குதிரை என்று சுத்தமான விஷயங்களைத்தான் வரைவேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், 2006இல், இங்குள்ள தொழிலதிபர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்து, மாவட்டக் கலைஞர்களுக்கு ஒரு கையேடு கொண்டுவர நினைத்தார்கள். நூலகத்திலும் அலுவலகங்களிலும் வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சுவரில் படம் வேண்டும், வாசலில் சிலை வேண்டும் என்றால் அதிலிருக்கும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்று பேச்சு. விண்ணப்பிக்கிற எல்லோரையும் சேர்க்கக் கூடாது, நடுவர் குழு பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தரம் பார்க்கத் தெரிந்த ஆள் என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள். விதிகளை நான்தான் எழுதினேன். பத்துப் படைப்புகளை அசலாக என் வீட்டுக்குக் கொண்டுவந்தோ அனுப்பியோ ஒப்படைக்க வேண்டும், சிலைக்கு மட்டும் புகைப்படம் போதும். பெயர் தெரியக் கூடாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் வீட்டு அலமாரியில் பூட்டி இருக்கும். நடுவர்கள் மூன்று பேர்: கிருஷ்ணகிரியில் ஓவிய ஆசிரியராக இருக்கும் சிவராஜ், பெங்களூரில் கட்டட வடிவமைப்பாளராக இருக்கும் சுகுணா, நான்.

வந்து குவிந்த விண்ணப்பங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு படிவத்தில் குழம்புக் கறை. இன்னொன்றில் கோந்துக்குள் ஒரு நீள முடி. ஜவளகிரியிலிருந்து ஒருவர் யானை வரைந்து அனுப்பியிருந்தார், அதில் நிஜமான சாணி அப்பியிருந்தது. பர்கூர் கல்குவாரியில் வேலை செய்யும் ஒருவர் அனுப்பிய புகைப்படத்தில், அவர் செதுக்கிய அம்மன் மேல் அவருடைய ஈர பனியன் காய்ந்துகொண்டிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்து எண் ஒட்டினேன். ஒன்றையும் கசக்கவில்லை. அதுவரை என் மேல் எந்தக் குறையும் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நாற்பத்தோராவது விண்ணப்பத்தை ஆளே நேரில் கொண்டுவந்தாள். பொற்கொடி. வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண், இருபத்துநாலு வயது இருக்கும். என் கம்பெனியில்தான் பேக்கிங் பிரிவில் ஒப்பந்த வேலை. பத்துப் படங்களையும் சணல் கயிற்றால் கட்டி முதுகில் தூக்கி வந்திருந்தாள். எல்லாம் கம்பெனி அட்டைப்பெட்டியைக் கிழித்த அட்டை. பிரஷ் இல்லை, பெயிண்ட் இல்லை. மெஷினிலிருந்து வடியும் கருப்பு எண்ணெயை, கிரீஸை, விரலால் தேய்த்து வரைந்திருந்தாள்.

"பெயிண்ட் வாங்கத் தோணலியா?" என்று கேட்டேன்.

"அது வெலைங்க சார். இது சும்மாதானே ஊத்திக்கினு இருக்குது," என்றாள்.

நகக்கண்ணெல்லாம் கருப்பு. அந்தக் கையால் என் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் போன பிறகு கதவை இரண்டு தடவை துடைத்தேன்.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேன்டீனில் தட்டு கழுவும் தொட்டி, அதில் மிதக்கும் சோறு. பெண்கள் கழிப்பறை வாசலில் வரிசை. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கும் முகங்கள், எச்சில் உட்பட. இதையெல்லாம் ஒருத்தர் உற்றுப் பார்ப்பாரா, பார்த்தாலும் வரைவாரா. அட்டையிலிருந்து எண்ணெய் நாற்றம் வீடு முழுக்கப் பரவி என் தலையணை வரைக்கும் வந்துவிட்டது.

முதல் சுற்றுப் பார்வைக்கு வந்த சுகுணா அந்தப் பத்தின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிவராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யாருய்யா இது? இவ்ளோ நாளு எங்க இருந்தான்?" என்றார்.

நெடுஞ்சாலையோரம் ஒரு கம்பெனி இருநூறு அடிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. கையேட்டின் முதல் பக்கத்தில் யார் வருகிறாரோ அவருக்கே அந்தச் சுவர் என்று அறக்கட்டளையில் முடிவாகியிருந்தது. இறுதிச் சுற்று அடுத்த மாதம். இருவரும் நாற்பத்தொன்றைத்தான் முதல் பக்கத்தில் போடுவார்கள் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. இருநூறு அடிக்கு அந்த எண்ணெய். ஊருக்குள் வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்க.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தேறாத பீஸைச் சும்மா ஓரமாக வைக்கக் கூடாது. யாராவது தெரியாமல் நல்ல பெட்டியில் போட்டுவிடுவார்கள். சிவப்பு பெயிண்ட் அடித்து, சுத்தியலால் நெளித்து, இனி எதற்கும் ஆகாது என்று செய்துவிட்டுத்தான் கழிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பத்து அட்டைகளுக்கும் சிவப்பு அடித்தேன். காய்ந்த பிறகு தகடு வெட்டும் கத்தரியால் வெட்டினேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. பினாயில் போட்டு அறையைக் கழுவினேன், நன்றாகத் தூங்கினேன்.

அவளிடம், மழையில் கூரை ஒழுகி வீணாகிவிட்டது, அசல் இல்லாமல் இறுதிச் சுற்றுக்குப் போக முடியாது, விதி அப்படி என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டேன்.

"பரவால்லீங்க சார். அட்டைக்கா பஞ்சம்? மறுபடி போட்டு எடுத்தாந்துர்றேன். எப்ப வரைக்கும் டைம் இருக்குதுங்க?"

பன்னிரண்டே நாள். புதிதாகப் பத்து. முதல் பத்தைவிட மோசம், அதாவது மற்ற இரண்டு நடுவர்களின் பாஷையில் சொன்னால், முதல் பத்தைவிட நன்றாக இருந்தன. இந்த முறை படிவத்திலிருந்த நடுவர் விலாசத்தைப் பார்த்து, நேராக சிவராஜ் வீட்டில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாள், பெயர் தெரியக் கூடாது என்ற விதியும் அதோடு போயிற்று. என் வீட்டுக் கூரை ஒழுகுகிறது அல்லவா, எனக்கு ஏன் சிரமம் என்று. அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. என் மேல் இரக்கப்பட்டாள். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. பத்துப் பீஸ் ஒரே மாதிரி கோணலாக வந்தால் பீஸைக் கழித்துப் பயனில்லை. கோளாறு அச்சில் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நானே மறந்துவிட்டேன்.

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் பிரிவின் மேற்பார்வையாளர் மாதவனிடம், பேக்கிங்கில் ஒரு பெண் இருக்கிறாள், கை வேகம் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் போட்டுப் பாருங்கள் என்றேன். ஆள் பற்றாக்குறை, உடனே சரி என்றார். அவளுக்கும் தினக்கூலியில் பதினைந்து ரூபாய் கூடுதல். "ரொம்ப தேங்க்ஸ்ங்க சார்," என்று கேன்டீனில் என் மேசைக்கே வந்து சொன்னாள்.

அந்த மெஷினில் தகட்டை உள்ளே வைத்துக் காலால் மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே இருந்தால் சென்சார் பார்த்து நிறுத்திவிடும். நாலைந்து நாளில் எல்லோருக்கும் அது பழகிவிடும். தகடு சிக்கினால், கால் மிதியில் இருக்கும்போதே கையை விட்டு எடுப்பார்கள். சென்சார் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம். ஒரு வாரம் காத்திருந்தேன். அவளும் அப்படித்தான் எடுத்தாள்.

அன்று மூன்றாம் நம்பருக்குப் போன தகடுகளில் ஓரமெல்லாம் பிசிறு இருந்தது. பிசிறு இருந்தால் அச்சில் சிக்கும். பதினோரு வருடத்தில் தெரிந்தே நான் தேறும் என்று கையெழுத்துப் போட்ட ஒரே கெட்ட லாட் அதுதான். கம்பெனி விசாரணையில் சென்சார் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள். வேலை செய்தது. காலையில் நான் சோதித்து, சரி என்று டிக் போட்டபோது வேலை செய்தது. பின்சுவரில் இருக்கும் சுவிட்சுப் பெட்டியில் சென்சாரை அணைத்து வைக்கும் சாவி இரண்டுதான் உண்டு. ஒன்று பராமரிப்புப் பிரிவில் இருக்கும். இன்னொன்று என்னிடம் இருந்தது. டிக் போட்ட பிறகு அதைத் திருப்பினேன்.

ஒன்பதே முக்காலுக்கு நடந்தது. வலது கை, நாலு விரல். நான் சத்தத்தைக் கேட்டேன், போய்ப் பார்க்கவில்லை. இரத்தம் என்னால் பார்க்க முடியாது. மாதவன்தான் கைத்துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார். எல்லோரும் அங்கே கூடி நின்றபோது சாவியைப் பழையபடி திருப்பிவிட்டு வந்தேன். மெஷினைக் கழுவும்போது சோப்புத் தண்ணீர் போதாது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் பிரஸ் பிரிவுக்குப் போன் செய்தேன்.

இதை விபத்து என்றே மூடிவிட்டார்கள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பார்க்கப்போன சிவராஜிடம் அவள் பேனா கேட்டாளாம். மாத்திரைச் சீட்டின் பின்பக்கம், இடது கையால், ஒரு படம் போட்டுக் கொடுத்தாளாம், அதை அவர் உங்களிடம் கொண்டுவந்தாராம். ஒரு சுவிட்சுப் பெட்டி, ஒரு சாவி, கைக்குட்டையை நடுவில் வைத்துச் சாவியைப் பிடித்திருக்கும் ஒரு கை. அன்று காலையில் கையை மட்டும் பார்த்திருக்கிறாள். பார்த்தபோது அர்த்தம் தெரியவில்லை, படுத்திருக்கும்போது தெரிந்திருக்கிறது. சாவியைக்கூடக் கைக்குட்டையால் தொடுகிற ஆள் அந்தக் கம்பெனியில் யார் என்று மாதவனைக் கேட்டிருக்கிறீர்கள்.

நேற்று அந்தப் படத்தை என் முன்னால் வைத்தீர்கள். கோடு கோணல். கட்டைவிரல் அளவுக்கு மேல் பெரிது. பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்திருக்கிறது. ஆனாலும் அது என் கை. கண்ணாடியில்கூட நான் என்னை அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. அதைப் பார்த்த பிறகு மறுப்பது அநாகரிகம் என்று தோன்றியது. ஆகவே சொல்கிறேன்: பொற்கொடியின் கையை நான்தான் எடுத்தேன். யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை.

நான் கைதாகும் முன்பே கையேடு அச்சாகிவிட்டது என்று சொன்னீர்கள். முதல் பக்கத்தில் அவளைத்தான் போட்டிருக்கிறார்களாம். சுவரையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்களாம். அவள் நின்று சொல்லச் சொல்ல, அவளோடு வேலை பார்த்த நாலு பெண்கள் தேய்க்கிறார்களாம். இப்போது எட்டுக் கைகள் கருப்பு.

கடைசியாக, பொறாமையா என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. பெயர் இல்லாத எண் முறை என்பதால் நானும் விண்ணப்பித்திருந்தேன். ஏழாம் எண். விதியில் அதற்குத் தடையில்லை. நாற்பத்தொன்றைப் பார்த்து எழுந்த கையோடு, சுகுணா என் படங்களுக்கு வந்தார். "மளிகைக்கடை காலண்டர்" என்றார். சிவராஜ், "பாவம், யாரோ ரிட்டையர் ஆனவரு, பொழுது போகாம போட்டிருக்காரு" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிராகரிப்புத் தாளில் மூன்றாவது கையெழுத்தை நான்தான் போட்டேன். பொறாமைக்காரன் அப்படிச் செய்வானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

என் பத்து ஓவியங்களும் வீட்டில் வெள்ளைத் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கின்றன. ஒரு தூசி கிடையாது. கையேட்டின் அடுத்த பதிப்புக்கு இந்த மாதம் முப்பதாம் தேதி வரை விண்ணப்பிக்கலாம். படிவத்தைப் பூர்த்தி செய்து இந்தத் தாள்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன், தயவுசெய்து அனுப்பிவையுங்கள். அந்தப் பெண்ணின் படங்கள் பக்கத்தில் இல்லாமல் அவர்கள் என்னுடையதை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.