உடைந்த ஊசிக்கு நின்ற இயந்திரங்கள்

அவைக்குத் தலைமை தாங்கி அகன்ற நாற்காலியில் அமர்ந்திருக்கும் தலைவர், எங்கள் முதலாளி ஐயா அவர்களே, அருகிலிருந்து கடிகாரத்தைக் காவல் காக்கும் மேற்பார்வையாளர் அண்ணன் அவர்களே, ஆன்றோர்களே, பெற்று வளர்த்த தாய்மார்களே, பெற்றது போதும் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் பாதியில் பள்ளியை விட்டவள். நூல் வெட்டுபவள். தையல் கூடத்தில் என் பெயர் ஊமைச்சி. என் அறுந்த செருப்பை இந்த மேசைத்துணி மறைக்கிறது. நாங்கள் தைத்த துணி, நன்றாகவே மறைக்கும்.

நம் தொழிற்சாலை விழாவில் எனக்குத் தந்த தலைப்பு, 'பெண்ணுக்கு அழகு பொறுமை'. ஆகவே என் அக்காளின் பொறுமையைச் சொல்கிறேன். சொல்லச் சொன்னதே அவள்தான்.

அக்கா காலர் தைப்பவள். இரண்டு பிள்ளைகள். மூன்றாவது உண்டானதும், வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார்கள். அத்தானோ லாரி ஓட்டுகிறவர். எந்தச் சாலையில் இருக்கிறார் என்று அந்தச் சாலைக்கே தெரியாது. அக்கா பொறுமையாகத் திரும்பினாள். பின்சந்தில் ஒரு கதவு, யாரையும் கூட்டி வரச் சொல்லாமல் திறந்தது. உள்ளே இருந்தவளுக்குப் பட்டப்பெயர் கைராசிக்காரி. யாருடைய ராசி என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை எங்கள் கூடத்தில் ஒரு ஊசி உடைந்தது. ஊசி உடைந்தால் என்ன செய்வோம்? வரிசை முழுவதும் நிற்கும். காந்தத்தைக் கையில் பிடித்துத் தரையெல்லாம் தடவுவோம். துண்டுகளைப் பொருத்தி, ஊசி முழுசாகிவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி. ஏன்? எங்கோ நாம் தைத்த சட்டையைப் போடும் ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்திவிடக் கூடாதே. எவ்வளவு கருணை, எவ்வளவு கவனம், எவ்வளவு கண்ணியம்.

அன்று மதியம் அக்கா விழுந்தாள். புடவையெல்லாம் இரத்தம்.

வரிசை நின்றதா?

"யாராவது ஒருத்தர் பிடிச்சு ஓரமா உட்கார வைங்கம்மா. மத்தவங்க தைங்க" என்றார் அண்ணன். அண்ணே, தலை குனியாதீர்கள். ஊசிக்கு விதி இருக்கிறது, அக்காளுக்கு இல்லை. அது உங்கள் குற்றமா?

ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கேட்டார், "என்ன ஆச்சு?"

மானம் காக்க எங்களை விட்டால் யார்? "சாப்பாடு ஒத்துக்கலைங்க" என்றாள் பித்தான் தைக்கும் சித்தி. "மீன் சாப்பிட்டா." இஸ்திரி போடும் அத்தை அதே நேரத்தில், "முட்டைங்க" என்றாள்.

"மீனா, முட்டையா?"

"மீன் முட்டைங்க" என்றாள் சித்தி.

சிரியுங்கள், தாய்மார்களே. அப்போது அக்காளின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். "சாப்பாடு இல்லைங்க டாக்டர். கரு கலைச்சாங்க. பின்சந்துல."

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சரியாத்தான் சொன்னாங்க" என்று சித்தி என் தொடையைக் கிள்ளினாள். டாக்டரம்மா அதற்குள் அக்காளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். வெளியே வந்து சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரம் மீன்லயே நின்னிருந்தீங்கன்னா, ஆளைப் பார்த்திருக்க மாட்டீங்க."

இது எங்கள் தெருவின் கதை மட்டுமா? உலகில் எத்தனை ஊர்கள், எத்தனை பின்சந்துகள், எத்தனை மீன் முட்டைகள்? முன்கதவை மூடினால் கரு தங்கிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். கரு தங்குவதில்லை, ஐயா. சில நேரம் தாயும் தங்குவதில்லை.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியே, அவளிடம் அவள் கணவனைக் கேட்காதே, அவளைக் கேள். அக்காமார்களே, மானத்தை வீட்டில் விட்டு, உண்மையை டாக்டரிடம் எடுத்துப் போங்கள். முதலாளி ஐயா, உடைந்த ஊசிக்குக் காட்டும் மரியாதையை, விழுந்த பெண்ணுக்கும் காட்டுங்கள். அவள் முழுசாகக் கிடைக்கும்வரை இயந்திரம் நிற்கட்டும்.

கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பொறுமையாக அல்ல, உயிரோடு.

ஊமைச்சியின் கையில் ஒலிவாங்கியைத் தந்த அவைக்கு நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.