பாபிலோன் மதில்ல ஒரு செங்கல்லு

குந்துங்க சார், ஸ்டூலு காலு ஆடும், பாத்து. போட்டோவக் குடுங்க. ஆமா, பாபிலோனேதான். உங்க மருமகன் நல்லாதான் புடிச்சிருக்காரு. நாலு வருசம் முன்னாடி, எம்பத்தஞ்சுல, ஆஸ்பத்திரி கட்ற வேலைன்னு சொல்லித்தான் ஏஜெண்டு நம்மள ஈராக்குக்கு ஏத்துனான். போய்ப் பாத்தா மொட்டச் செவுரு. இடிஞ்சுபோன பழைய ஊர மறுபடி கட்றாங்களாம். ரெண்டு வருசம் அந்தச் செவுத்துமேலதான் நம்ம பொழப்பு.

எட்டு வாசல் சார் அந்த ஊருக்கு. அந்தக் காலத்துல மதிலு மேல நம்ம பல்லவன் பஸ்ஸு ரெண்டு எதிரும் புதிருமாப் போலாமாம். ஒரு வாசல் பூரா நீலம், பளபளன்னு. அதுல மாடு, அப்பால ஒரு மிருகம். தல பாம்பு, முன்னங்காலு சிங்கம், பின்னங்காலு கழுகு. எது பெத்துச்சோ.

இன்னாது, அது நம்ம பொங்கல் மாடா? இது யாளியா? செரி, ஹெட்மாஸ்டரா இருந்தவரு, நீங்க சொன்னா செரிதான்.

நோட்டீஸ் வேற அடிச்சிட்டீங்களா? பாபிலோனைக் கட்டியவன் தமிழனே, கல்வெட்டு ஆதாரம், ஞாயிறு மாலை தாம்பரத்தில், நேரில் கண்ட மேஸ்திரி சவுரிமுத்து பேசுவார். ஐயையோ, என் பேரு எதுக்கு சார்? இந்தப் போட்டோவ ஆளுயரத்துக்குப் பெருசு பண்ணி மேடைல மாட்டப் போறீங்களா? பேஜாராப் போச்சே.

பேபி, சாருக்கு டீ போடும்மா! என் வூட்டுக்காரி சார். நீங்க வாசல்லயே அவகிட்ட சொல்லிட்டீங்க. மொத வரிசைல குந்தணும்னு பட்டுப்பொடவைய எடுத்து வெயில்ல போட்டுட்டா.

கொஞ்சம் கிட்ட வாங்க. போட்டோல இந்தச் செங்கல்லுல தமிழ்ல செல்வன்னு கீதே, அது செல்வன்ற ராஜா இல்ல சார். மீதி ஒடஞ்சிபோச்சு. அந்தூரு ராஜா கல்லுக்குக் கல்லு தன் பேர அச்சுக் குத்தி வெச்சிருந்தான். அத்தப் பாத்து எனக்கும் ஒரு கிறுக்கு. சூளைக்குப் போற பச்சக் கல்லுல ஆணியால கீறிட்டேன், செல்வமேரின்னு. முடிச்சூர்ல எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு. அவளுக்குக் கல்யாணம் ஆய்ட்சின்னு அன்னிக்குத்தான் லெட்டர் வந்துச்சு. அழுதேன் சார், சொல்றதுக்கு இன்னா. ராஜா பேரு ரெண்டாயிரத்து ஐநூறு வருசமா நிக்கிது, செல்வமேரி நாலே வருசத்துல பாதியாய்ட்டா.

அப்பால வந்துதான் பேபியக் கட்னேன். அவளுக்கு இது தெரியாது, மாதா சத்தியமாத் தெரியவும் கூடாது.

நோட்டீஸக் கிழிக்காதீங்க சார், அவ ஏன்னு கேப்பா! ராஜாவாவே இருக்கட்டும். தமிழன்தான் கட்னான்னு நானே மேடை ஏறிச் சொல்றேன். அதுல பொய்யி இன்னா கீது, நான்தானே கட்னேன்?

தோ, வந்துகினு கீறா. டீ எடுத்துக்கோங்க சார். இதுவா பேபி? யாரோ ராஜா பேரும்மா. ரொம்பப் பழசு.